செவலையின் வாடை

விடியவில்லை. திண்ணையில் ஈரக்காற்று. உப்பளப் பக்கமிருந்து சேற்று வாடை மெல்ல ஏறி வருகிறது.

அதற்குள் இன்னொரு வாடை. கிட்டத்தில். வெதுவெதுப்பாக.

செவலை எழுந்து உடம்பை உதறுகிறது.

*

ஒரு வயது நிறையாத நாட்டு நாய். செம்மண் நிறம். நெஞ்சும் நான்கு பாதங்களும் வெள்ளை. காதுகள் பாதி நிமிர்ந்து நுனியில் மடங்குகின்றன. எதற்கு உறும வேண்டும், எதற்கு வாலாட்ட வேண்டும் என்பது இன்னும் பிடிபடாத வயது.

வாடை மட்டும் முதியது.

*

மூச்சு உள்ளே வருகிறது. வாடையும் வருகிறது. முதலில் புளிப்பு. அடியில் சிக்குப் பிடித்த எண்ணெய். அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. அதற்குச் சொல் அகப்படவில்லை.

மூச்சு வெளியே போகிறது.

*

சற்று நேரத்தில் வாடை இல்லை. செவலை அதே இடத்தில்தான் படுத்திருக்கிறது. மூக்கு மறந்துவிட்டது.

ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடுகிறது. புதிதாக வருவதற்கு இடம் விடுகிறது. பால் வாங்கத் தெருமுனை வரை போய்த் திரும்பினால், வாசற்படியிலேயே வாடை மறுபடி நிற்கிறது.

வருகிறவர்களுக்கு முதலில் தெரிகிறது. இருப்பவர்களுக்குக் கடைசியில்.

*

செய்யூரில் வாடைக்குப் பஞ்சமில்லை.

கிழக்கே உப்பளம். அதைத் தாண்டிக் காயல், பக்கிங்காம் கால்வாய், அப்பால் கடல். தண்ணீர் வற்றும் நேரத்தில் கறுத்த சேறு வெளியே தெரிகிறது. காற்றுப் படாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தகம் கலந்த வாயுவை விடுகின்றன. முட்டை அழுகிய வாடை. அங்கே நின்று வேலை செய்கிறவர்கள் முகம் சுளிப்பதில்லை.

குப்பத்து மணலில் கருவாடு. ஐப்பசி பிறந்துவிட்டது. வெயில் போதவில்லை. நெத்திலி காயாமல் நசநசக்கிறது. உப்புப் பாத்திகளில் மழைத்தண்ணீர். இனித் தைக்குப் பிறகுதான் பாத்தி கட்டுவார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு குட்டி நாயின் வாடை தனியாகத் தெரிகிறது.

*

கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆயா படியில் உட்காருகிறார். முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறார். செவலை ஓடி வருகிறது.

"என்னா கண்ணு, ஒன் நாயி இப்பிடி நாறுது?"

கோபமில்லை குரலில். வானம் மூடியிருக்கிறது என்று சொல்கிற குரல்.

செவலை அவர் கையை முகர்கிறது. மணிக்கட்டு, விரல், நகக்கண். விடாமல் முகர்கிறது. அந்தக் கையில் அதற்கு என்னென்னவோ எழுதியிருக்கிறது.

*

நாயின் மூக்கில் வாடை அறியும் செல்கள் கோடிக்கணக்கில். மனித மூக்கில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

அப்படியானால் தன் வாடையை அது எப்படி அறிகிறது? வாடையாகவா, தானாகவா?

கேள்வி வருகிறது. நிற்கிறது. போகிறது.

*

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். சிறு குட்டியாக இருந்தபோது இதை மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதினார்கள். இப்போது பந்தை எறிகிறார்கள். அது எடுத்து வருகிறது. காலால் பந்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

கை வருவதில்லை.

செவலை தலையைத் தாழ்த்தி, தடவப்படுவதற்கென்று காதுகளைப் பின்னால் மடித்து, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. பிறகு பந்துக்குப் போகிறது.

இதைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது. வாடையைவிட இது கஷ்டமாக இருக்கிறது.

*

என் கையும் நெற்றியோடு நிற்கிறது. முதுகுக்குப் போவதில்லை.

*

மழை. நனைந்து வருகிறது. ஈரம் உலர உலர வாடை எழுகிறது. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் விட்டவை மயிரில் தங்கியிருக்கின்றன. தண்ணீர் ஆவியாகும்போது அவற்றையும் காற்றில் ஏற்றிவிடுகிறது. நனைந்த நாய் எதுவும் கொஞ்சம் நாறும். அது இயல்பு.

செவலையின் வாடை உலர்ந்த பிறகும் இருக்கிறது.

*

குளிப்பாட்டிய அன்று சீயக்காய் மணம். மறுநாள் மங்கல். அதற்கு மறுநாள் பழையபடி.

அழுக்கு என்றால் தண்ணீரோடு போயிருக்கும். திரும்பி வருவது உள்ளேயிருந்து வருகிறது. தோலிலிருந்து. அல்லது காதிலிருந்து, வாயிலிருந்து, வாலடியிலிருந்து.

*

தெருவில் ஆளுக்கு ஒரு கைவைத்தியம். வேப்பெண்ணெய் தடவு. மஞ்சள் பூசு. தேங்காயெண்ணெயில் சூடம் கரைத்துப் போடு. வீட்டுச் சோப்பே போதும், நுரை வரத் தேய்.

எல்லாம் அன்பில் சொல்வது. ஆனால் சூடம் நாய்க்கு நஞ்சு. பூசியதை அது நக்கும். நக்கினால் வலிப்பு வரலாம். சூடம் வாங்க விடவில்லை.

சோப்பும் எடுக்கவில்லை. மனிதத் தோல் லேசான புளிப்புத் தன்மை உடையது. நாயின் தோல் நடுநிலைக்குப் பக்கத்தில். அதன் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. மயிர் மூடியிருப்பதால் தடித்த தோல் என்று தோன்றுகிறது. விலக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக, அடியில் நரம்பு தெரிகிற அளவுக்கு மெலிதாக இருக்கிறது.

*

மதியம். யாருமில்லை. செவலை பாயில் மல்லாந்து கிடக்கிறது.

எங்கிருந்து என்று தேடுவதற்குக் கை போகிறது.

*

வாய்.

உதட்டைத் தூக்கினால் வெள்ளைப் பற்கள். பால் பற்கள் 28 விழுந்து, பெரிய பற்கள் 42 முளைக்கும் பருவம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. சில குட்டிகளுக்குப் பால் பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி நிற்கும். இடுக்கில் சோறு தங்கும். செவலைக்கு அப்படி ஒன்றுமில்லை. ஈறு சிவப்பு. மூச்சில் காலையில் தின்ற சோறு மட்டும்.

வாய் இல்லை.

*

வாலடி.

ஆசனவாயின் இருபுறமும் தோலுக்கடியில் இரண்டு சிறு பைகள். ஒவ்வொரு நாய்க்கும் உண்டு. நிறைந்து அடைத்தால் கவிச்சி வாடை வரும். அழுகிய மீனின் வாடை. இந்தக் கரையில் அதை மீன் என்றே நினைத்துவிடலாம். அப்படி அடைத்த நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகரும். செவலை நகரவில்லை.

அங்கேயும் இல்லை.

*

மயிரைச் சீவுகிறேன். ஈரமான வெள்ளைத் துணியில் கரும்பொடி விழுகிறதா என்று பார்ப்பதற்கு. விழுந்த பொடி துணியில் செந்நிறமாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சி இருக்கிறது. அதன் எச்சம் நாயின் இரத்தம்தான்.

துணியில் மண். மணல். ஒரு நெல் உமி. மெல்லிய செதில்கள், நிறைய. சிவப்பு இல்லை.

காதுக்குப் பின்னால் ஒரே ஒரு உண்ணி. சாம்பல் நிறத்தில் உப்பியிருக்கிறது. தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கிறேன். வருகிறது.

*

பாதம்.

வெள்ளைப் பாதம் இப்போது வெள்ளையாக இல்லை. விரலிடுக்குகளில் துருநிறம். நக்கி நக்கி எச்சில் ஏற்றிய கறை. இடுக்கை விரிக்கிறேன். ஈரம். சிவப்பு. முகம் கிட்டே போகிறது.

புளிப்பு.

*

அக்குள். கழுத்தின் கீழ் மடிப்பு. தொடையின் உள்பக்கம். விரல் வழுக்குகிறது. தோல் மற்ற இடத்தைவிடத் தடித்து, கருமை ஏறி, எண்ணெய் பூசாமலே எண்ணெயாக இருக்கிறது.

விரலை முகர்கிறேன். திண்ணையில் விடியலில் வந்த அதே வாடை. சொல் அகப்படாத அந்த மூன்றாவது அடுக்கும் இங்கே இருக்கிறது.

*

காது.

வலக்காது உள்ளே ரோஜா நிறம். இடக்காதில் பழுப்பு மெழுகு. நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் ஈரம் தங்கிவிடும். பஞ்சுக்குச்சி விட்டால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். மடலின் ஓரத்தை மட்டும் துடைத்துவிட்டு விடுகிறேன்.

தொட்டதும் செவலையின் பின்னங்கால் காற்றில் தானாகச் சொறிகிறது. கண் மூடியிருக்கிறது.

*

இவ்வளவு நேரம் ஒரு கை தன் மேல் இருந்ததில் அது தூங்கிவிட்டது.

*

கால்நடை மருந்தகம். மரத்தடியில் ஆடுகள். ஒரு கன்றுக்குட்டி. பிளாஸ்டிக் கூடையில் கோழி. எங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார். அவரிடம் வருத்தப்பட ஒன்றுமில்லை.

டாக்டரம்மா தள்ளிப் போகவில்லை. குனிந்து கழுத்தடியை முகர்கிறார். பிறகு காதை. பிறகு பாதத்தை. ஒன்றும் பேசாமல் முகர்கிறார்.

நாடியைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் ஒருவர் இப்படி முகர்ந்து பார்ப்பதைக் காண்பதே ஆறுதலாக இருக்கிறது.

*

சின்னக் கத்தியால் தோலை ஓரிடத்தில் சுரண்டுகிறார். இரத்தம் துளிர்க்கும் வரை. மயிர்க்கால்களுக்குள் வாழும் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பிறந்த முதல் சில நாட்களில், பால் குடிக்கும்போது, தாயின் தோலிலிருந்து குட்டிக்கு வந்துவிடும் பூச்சி அது. இளம் நாய்களில் சிலவற்றுக்குப் பெருகிச் சொறியாகும். பலவற்றுக்குத் தானாக அடங்கும்.

இல்லை என்கிறார்.

பிறகு ஒட்டும் நாடாவை அக்குளில் அழுத்தி எடுக்கிறார். கண்ணாடிச் சில்லில் ஒட்டி ஊதாச் சாயம் விடுகிறார். நுண்ணோக்கிக்குள் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுக்கிறார்.

*

ஒரு கண்ணை மூடுகிறேன்.

வெளிச்சத்தில் ஊதாப் புள்ளிகள். ஒவ்வொன்றும் நிலக்கடலை போல நடுவில் இடை சிறுத்து. கூட்டமாக. அசைவில்லை.

அந்த வாடைக்கு உருவம் இருக்கிறது.

*

மலசீசியா. ஈஸ்ட் வகை. மனிதத் தலையில் பொடுகோடு சேர்ந்து வரும் பூஞ்சையின் இனம். நாய்த்தோலில் இருப்பதற்கு மலசீசியா பேக்கிடெர்மேட்டிஸ் என்று பெயர். 1925-ல் வைட்மேன் என்பவர் அதை முதலில் விவரித்தார். அவர் அதைக் கண்டது நாயில் அல்ல. தோல் உரிந்துகொண்டிருந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தில்.

அந்தக் காண்டாமிருகத்தை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கிறேன். அதன் வாடை எப்படி இருந்ததோ. யார் கிட்டே போனார்களோ.

*

இந்த உயிர் பெரும்பாலான நாய்களின் தோலில் உண்டு என்கிறார். வந்து தொற்றியது அல்ல. குட்டியாக இருந்தபோதே உடன் இருந்தது. சூடு, புழுக்கம், மடிப்பு, எண்ணெய்ப் பசை இருந்தால் பெருகும். எண்ணெய்தான் அதற்குச் சோறு. தோல் அரித்தால் நாய் நக்கும். நக்கினால் ஈரம். ஈரத்தில் இன்னும் பெருகும்.

பெருகியது எதனால் என்பது வேறு கேள்வி. ஒவ்வாமையாக இருக்கலாம். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள்தான் அது பெரும்பாலும் தலைகாட்டும். புல்லின் மகரந்தமா, வீட்டுத் தூசிப் பூச்சியா, தின்னும் சாப்பாடா. இப்போது சொல்ல முடியாது.

முதலில் தோலை அடக்குவோம் என்கிறார். அடங்காவிட்டால் வேப்பேரிக்கு எழுதித் தருகிறேன் என்கிறார். சென்னையில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. செவலை இதுவரை பஸ்ஸில் ஏறியதில்லை.

*

குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் இரண்டும் கலந்த ஷாம்பு. வாரத்துக்கு இரண்டு முறை. காதுக்குச் சொட்டு மருந்து. வெளியே போய் வந்தால் விரலிடுக்கைத் துடைத்துக் காயவைப்பது. வாசனைத் தெளிப்பான் கூடாது.

ஒன்றை மட்டும் இரண்டாம் முறையும் சொல்கிறார். நுரை பத்து நிமிடம் தோலில் இருக்க வேண்டும். போட்டதும் அலசினால் மருந்து பிடிக்காது.

*

கிணற்றடி. வெயில் எட்டிப் பார்க்கும் நேரம். வாளித் தண்ணீர் கைக்கு இதமாக.

முதல் செம்பு. செவலை உறைந்து நிற்கிறது. இரண்டாவது செம்பு. காதுகள் தலையோடு ஒட்டுகின்றன. மயிர் படிந்ததும் உடம்பு பாதியாகிவிடுகிறது. விலா எலும்புகள் தெரிகின்றன. இவ்வளவு சிறியதா இது.

*

நுரை.

கழுத்தடியிலிருந்து தொடங்குகிறது கை. மடிப்புக்குள். அக்குளுக்குள். நெஞ்செலும்பின் மேட்டில். வயிற்றின் மெத்தென்ற பகுதியில். தொடை இடுக்கில். வாலின் அடியில். கடைசியாக நான்கு பாதங்கள், விரல் விரலாக.

இதுவரை போகாத இடங்களுக்குக் கை போகிறது.

*

பத்து நிமிடம் நீளமானது.

செய்ய வேறெதுவும் இல்லை. அலசக் கூடாது. விடக் கூடாது. விட்டால் மண்ணில் புரளும். நக்கவும் விடக் கூடாது. ஒரு கை தாடையின் கீழே. ஒரு கை முதுகில்.

உள்ளங்கைக்குக் கீழே நாயின் சூடு. நம் உடம்பைவிட ஒன்றிரண்டு டிகிரி அதிகம். ஈரத்துக்குள் அது தெளிவாகத் தெரிகிறது.

இதயம் விரைவாக அடிக்கிறது. மெல்ல இறங்குகிறது. இடையில் ஒரு துடிப்பு தாமதித்து வருகிறது. மூச்சு இழுக்கும்போது விரைந்தும் விடும்போது தளர்ந்தும் அடிப்பது நாய்க்கு வழக்கமாம். கை அதைக் கேட்கிறது.

நுரைக் குமிழ்கள் ஒவ்வொன்றாக உடையும் சத்தம். காதைக் கிட்டே வைத்தால் மட்டும்.

காக்கை. தூரத்தில் மோட்டார். பக்கத்து வீட்டு ரேடியோ.

நடுக்கம் வருகிறது. போகிறது. செவலை நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறது. என்ன கேட்கிறது என்று தெரியவில்லை. கையை எடுக்கவில்லை.

*

எண்ணம் வருகிறது. இத்தனை நாள் இந்த வாடை என்னவாக இருந்தது? குறையாக. அழைப்பாக. நாயின் பிழையாக ஒருபோதும் இல்லை, ஆனால் அப்படித்தான் அது நடத்தப்பட்டது.

எண்ணம் போகிறது.

நுரை இருக்கிறது.

*

அலசும் தண்ணீர் மங்கலாக ஓடுகிறது. பிறகு தெளிவாக. துண்டைப் போட்டதும் பிடித்து இழுக்கிறது. விளையாட்டாகிவிட்டது. விரலிடுக்கு காயும் வரை உட்கார வைப்பதுதான் பாடு.

*

அஷ்டமி. கந்தசாமி கோயில் பக்கம் நடை. இங்கே பைரவரும் உண்டு. அவரைச் சூழ, நட்சத்திரத்துக்கு ஒன்றாக, 27 வேதாளங்கள் கல்லில் நிற்கின்றன. விளக்கெண்ணெய்க் கருமை. நல்லெண்ணெய்ப் பிசுக்கு. பழைய திரியின் வாடை.

பைரவருக்கு நாய் வாகனம். தெரு நாயைக்கூடப் பைரவர் என்று அழைக்கும் பழக்கம் ஊரில் இருக்கிறது.

ஒரு பெண் தன் நட்சத்திரத்தைத் தேடி விளக்கு வைக்கிறாள். வெளியே ஓரமாக ஒரு நாய் படுத்திருக்கிறது. முதுகெல்லாம் சொறி. அதன் வாடை காற்றோடு வருகிறது. எண்ணெய் வாடையும் வருகிறது. இரண்டும் ஒரே மூச்சில் உள்ளே போகின்றன.

அந்த நாயின் இதயத்தில் யாரும் கை வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

*

மழை இரவு முழுக்க. பாய் ஈரம். சாக்கு ஈரம். செவலை படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசிப் போட்டோம். காயவில்லை. துணியில் தங்கிய வாடை மறுபடி தோலுக்கு வரும். அடுப்பின் மேல் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டிருக்கிறோம். சாக்கில் இப்போது புகை வாடை.

*

செதில் குறைகிறது. சீப்பில் விழுவது மயிர் மட்டும். நாயின் மேல்தோல் புதுசாக மாற ஏறத்தாழ மூன்று வாரம். பழையது உதிர்ந்துகொண்டே, புதியது ஏறிக்கொண்டே. எந்த நிமிடத்திலும் இரண்டும் இருக்கின்றன.

அக்குளின் கருமை இளகியிருக்கிறது. தடவினால் விரல் வழுக்கவில்லை. உலர்ந்த, மெல்லிய, சற்றே சொரசொரப்பான தோல்.

*

பிள்ளைகளில் சின்னவள் வருகிறாள். பந்து இல்லை. சும்மா நிற்கிறாள். செவலை தலையைத் தாழ்த்துகிறது.

"கடிக்குமா?"

கடிக்காது என்று அவளுக்குத் தெரியும். வேறெதையோ கேட்கிறாள்.

ஒரு விரல் நீள்கிறது. இரண்டு காதுகளுக்கும் நடுவில், மயிர் சுழி விழுந்த இடத்தில், அது நிற்கிறது.

*

ஆயா கூடையை இறக்குகிறார். மூக்கை உறிஞ்சுகிறார்.

"இப்ப கொஞ்சம் பரவால்ல."

கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்கிறார்.

*

நாய்க்கென்று ஒரு மணம் உண்டு. கழுவிய நாய்க்கும் உண்டு. மண், வெயில், உறக்கம், லேசான உப்பு. வாடை விலகிய இடத்தில் இது இருக்கிறது. இவ்வளவு நாளும் இருந்திருக்கும்.

எது நோய், எது நாய் என்று மூக்குக்கு இப்போதும் சரியாகப் பிரிக்கத் தெரியவில்லை.

*

இடக்காது இன்னும் புளிக்கிறது. மருந்துப் பாட்டிலில் கால் பங்கு இருக்கிறது. முன்னங்கால் பாதத்தை ராத்திரியில் நக்குகிறது. இருட்டில் அந்தச் சத்தம் கேட்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிறுத்துகிறது. சற்றுப் பொறுத்துத் தொடங்குகிறது.

*

சாப்பாட்டைச் சோதிக்க வேண்டுமானால் எட்டு வாரம் இதுவரை தின்னாத ஒரே கறியும் சோறும் மட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பிஸ்கட் கூடாது. கருவாட்டுத் துண்டு கூடாது. செவலை வளர்ந்தது மீன்தலைச் சோற்றில். ஆயாவும் போகிற போக்கில் நெத்திலி போடுகிறவர். அவரிடம் எப்படிச் சொல்வது.

கார்த்திகை மழை கழியட்டும் என்று வைத்திருக்கிறோம். புழுக்கம் குறைந்தும் நக்குவது நிற்காவிட்டால் தொடங்க வேண்டும். முயல்கறியா, வாத்தா என்பது முடிவாகவில்லை. மதுராந்தகம் சந்தையில் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.